வேட்பாளரைக் கேட்டீர்களா?

தேர்தல் செய்தியை நடுநிலையோடு சொல்ல டிவி நிருபர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் அறிவுச்செல்வி. சேவை மனப்பான்மை உள்ளவர் என்று ஊரே அவரைப் புகழ்கிறது. சேவையாவது மண்ணாங்கட்டியாவது! நாலு வருஷமாக அவர் வகுப்புகளுக்குக் கேமரா பிடிக்கிறவன் நான். அந்த அம்மா பழிவாங்கத்தான் காத்திருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது.

சேலத்தில் பத்து வருஷம் ரேடியோவில் செய்தி வாசித்தவர். பிறகு எருமப்பட்டிப் பக்கம் பெண்கள் வார்டில் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, 'அறிவுச்செல்வி போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்' என்று உள்ளூர் கேபிள் டிவியில் ஓடியது. அவர் ஒதுங்கவே இல்லை. "நான் நிக்கறனுங்க, நிக்கறனுங்க" என்று வீடுவீடாகப் போய்த் தொண்டை வற்றக் கத்தினார். பதினேழு ஓட்டில் தோற்றார். அந்தச் செய்தியைப் போட்ட நிருபர் குணசீலன். பேரைப் பாருங்கள், குணசீலனாம்!

அப்புறம்தான் இந்தப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். எந்த ஊரில் நடந்தாலும் போர்டில் முதல் வரி இதுதான்: வேட்பாளரையே கேட்டீர்களா?

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் நாமக்கல்லில் வகுப்பு. வந்த பதின்மூன்று பேரில் குணசீலனும் இருந்தான். இங்கே தேறினால்தான் ஓட்டு எண்ணும் நாளில் நேரலைக்கு அனுப்புவோம் என்று அவன் வேலை செய்யும் டிவியில் சொல்லியிருந்தார்கள். மார்க் போடுவது அறிவுச்செல்வி. கசக்குமா?

மத்தியானம் அந்தப் பழைய செய்தியைத் திரையில் போடச் சொன்னார். போட்டேன்.

"இது யாரு போட்டது?"

குணசீலன் எழுந்தான். "நான்தானுங்க."

"வேட்பாளர்கிட்டப் பேசினீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ மார்க் பூஜ்யம். நேரலைக்கு நீங்க போக முடியாது."

நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது யுவஸ்ரீ என்ற பொண்ணு கையைத் தூக்கியது. "மேடம், ஒருத்தர் மேல குத்தம் சொன்னா அவரு பதிலையும் கேக்கோணும்னு காலைல நீங்கதானுங்க சொன்னீங்க."

அறிவுச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை அவனிடம் நீட்டினார்.

"உங்க நம்பருக்குத்தானுங்க கூப்பிட்டேன்," என்றான் குணசீலன். "உங்க ஊட்டுக்காரரு எடுத்து, அவ ஒதுங்கிட்டா, போட்டுக்கன்னாரு. பொம்பளைங்க நிக்கற வார்டுல ஊட்டுக்காரருதானுங்களே பேசுவாரு? எல்லா வார்டுலயும் அப்படித்தான் கேட்டுப் போட்டேன். அப்பறம் தப்புன்னு தெரிஞ்சுது. குடும்பத்துல சண்டை வந்துரும்னு வாயை மூடிட்டனுங்க."

அட கொடுமையே! அந்த வார்டில் ஜெயித்த ஆத்தாயி, அறிவுச்செல்வியின் வீட்டுக்காரர் மதியழகனுக்குப் பங்காளி வீட்டு மருமகள். நாலு வருஷமாக இந்த அம்மா அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், அறிவுச்செல்வி வாங்கவில்லை.

"பூஜ்யம் பூஜ்யம்தான்," என்றார். "ஊட்டுக்காரரு வேட்பாளர் இல்ல. ஆனா உங்களுக்கு மறுபரீட்சை ஒண்ணு வெக்கறேன். மைக்கை எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாரும் வாங்க."

வாசலில் மதியழகன் என்ஜின் ஓடும் பைக்கோடு நின்றிருந்தார், பெண்டாட்டியைக் கூட்டிப்போக. பதின்மூன்று பேரையும் என் கேமராவையும் பார்த்ததும் சிரித்தார். "என்ன அம்மணி, இதென்ன கூத்து?"

குணசீலன் மைக்கை நீட்டினான். "உங்க சம்சாரம் போட்டியில இருந்து ஒதுங்கிட்டாங்கன்னு எங்கிட்டச் சொன்னது நீங்கதானுங்களே?"

சிரிப்பு போய்விட்டது. மதியழகன் குணசீலனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "அம்மணி, நீயே ஏதாச்சும் சொல்லி இவனை அனுப்பு."

"கேள்வி உங்களுக்குங்க," என்றார் அறிவுச்செல்வி. "உங்களுக்குப் பதிலா நான் பேசமாட்டேன். வண்டிய ஆஃப் பண்ணுங்க. சத்தம் பதிவாகுது."