அம்மா இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னோம்

நோட்டுப் புத்தகத்தோடு வருகிற யாரையும் எங்கள் வீட்டில் நம்புவதில்லை. பேர் எழுத வருகிறவர்கள், வாக்காளர் பட்டியலுக்கு வருகிறவர்கள், ஆராய்ச்சி என்று சொல்லிக் கொழும்பிலிருந்து வருகிற பிள்ளைகள், எல்லாருக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. நீங்கள் தேடுகிற ஆள் இந்தியாவுக்குப் போய்விட்டார். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிக் குடும்பங்கள் உண்மையிலேயே போய்விட்டதால் இந்தப் பொய்யை யாராலும் பிடிக்க முடியாது. பேர் எழுத வந்தவர்களிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்ன என் மாமா, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினார். அதிலிருந்து அம்மா இப்படி.

நானும் அந்த வயிற்றில் பிறந்தவள்தான். ஹட்டனில் ஒரு பள்ளியில் முப்பது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை கட்டுரையை நன்றாக எழுதிக்கொண்டு வந்தால், யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிப்பட்டவளிடம்தான் அதிபர் ஒரு மின்னஞ்சலைக் காட்டி, "டீச்சர், இது ஒங்க தோட்டத்து விசயம், நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்தது ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். எங்கள் ஆட்கள் அதை வாய்க்கு வசதியாக வளைத்துக்கொண்டதோடு, தமிழில் வேறொரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். இரண்டையுமே நான் எழுதப் போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

மின்னஞ்சல் அந்தக் கிராமத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் எழுபது தாண்டிய ஒரு பெண். அவருடைய அப்பா ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் பெரிய தொரை, அதாவது மானேஜர். இந்தப் பெண் ஆறேழு வயது வரை தொரை பங்களாவில் வளர்ந்தவர். இப்போது அவருடைய கிராமத்தில் ஊர் வரலாறு எழுதுகிறார்களாம். பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் தன் சின்ன வயது நினைவுகளை எழுதித் தர வேண்டுமாம். அதற்காகத் தோட்டத்தை ஒருமுறை பார்க்க வருகிறார், மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கடைசியில் ஒரு வரி. பங்களாவில் தன்னைப் பார்த்துக்கொண்ட ஒரு சிறுமியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

 அந்தச் சிறுமி என் அம்மா.

அம்மா பதின்மூன்று வயதில் தொரையின் மகளோடு விளையாடுவதற்கென்று பங்களாவுக்குப் போனவள். ஒரு வருடம் போல இருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இருந்த வெள்ளி மணி காணாமல் போனது. தொரையின் மனைவி, தொரைசானி, வேலைக்காரர்களைக் கூப்பிட ஆட்டுகிற கைமணி. மேசைக்குப் பக்கத்தில் கடைசியாக நின்றது அம்மாதான் என்று சமையல்காரர் சொன்னார். அன்றைக்கே அம்மாவை விரட்டினார்கள். மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்த இடத்தில், கங்காணி அவளை முன்னால் நிறுத்தி மணி எங்கே என்று கேட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு மணிக்காரி என்று பட்டப்பெயர் விழுந்தது. கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

எனக்கு இது பத்து வயதில் பீலிக்கரையில் தண்ணீர்ச் சண்டை நடந்தபோதுதான் தெரிய வந்தது. ஒரு கிழவி என் குடத்தைத் தள்ளிவிட்டு, மணிக்காரி மகளுக்கு வரிசை ஒரு கேடா என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "நான் எடுக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன ஒரு நாள் தகரப் பெட்டியைத் திறந்து அடி வரைக்கும் கிளறினேன். ஒரு கூறைச்சேலை, சில பிறப்புச் சான்றிதழ்கள், கற்பூர வாசம். மணி இல்லை. ஆகவே விற்றிருப்பாள் என்று முடிவு கட்டினேன். இருந்திருந்தால் திருடி, இல்லாவிட்டால் விற்ற திருடி. என் பத்து வயது நியாயம் அப்படி இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நியாயம் ஐம்பது தாண்டியும் எனக்குள் அப்படியே இருந்தது.

அந்த அம்மையார் ஒரு சனிக்கிழமை வந்தார். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மெலிந்த உருவம், நல்ல சப்பாத்து, கழுத்தில் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வறுமையைப் படம் பிடிக்க வந்தவராக இருக்குமோ, பங்களாவை வாங்கி ஹோட்டல் கட்டப் போகிறாரோ என்றெல்லாம் எனக்கு ஓடியது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பங்களாவைச் சுற்றிப் பார்த்த பிறகு லயத்துக்கு வர வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். என் அம்மா என்று மட்டும் சொன்னேன். அம்மா சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மையார் கோப்பையை வலது கையில் வாங்கிக்கொண்டு, இடது உள்ளங்கையை நீட்டினார். சீனிக்குத்தான். பால் இல்லாத தேத்தண்ணியைக் கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பது எங்கள் வழக்கம். எந்த வெள்ளைக்காரிக்கும் அது தெரிந்து நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு கரண்டி சீனியை அந்தக் கையில் போட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பிறகு அவர் கேட்டார். தன்னைப் பார்த்துக்கொண்ட பெண் இந்த லயத்துப் பிள்ளை என்று ஞாபகம். பெயர் தெரியாது, அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். உங்கள் அம்மாவுக்கு யாரென்று தெரியுமா? கேட்டுக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் மொழிபெயர்த்தேன். அம்மா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள இந்தியாவுக்குப் போயிருச்சுன்னு சொல்லு."

"அம்மா, அது நீதானே?"

"சொன்னதச் சொல்லு."

சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தியாவில் எந்த ஊர் என்று அவர் கேட்டார். "கூடலூரு பக்கம்னு சொல்லு" என்றாள் அம்மா. அதையும் சொன்னேன். அவர் அந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் திரும்பியதும் நான் கேட்டேன். "எதுக்கும்மா பொய் சொன்ன?"

"அவ மணியத் தேடித்தான் வந்திருக்கா. அவுங்க அம்மாக்காரி சொல்லிவிட்டிருப்பா."

"அந்தம்மா செத்து எவ்வளவு காலமோ."

"செத்தா மட்டும் விட்டுருவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. எடுக்காதவள் எதற்கு ஒளிய வேண்டும்? இத்தனை வருடம் அரைகுறையாக இருந்த என் சந்தேகம் அன்றைக்குத்தான் முழுசானது.

ஏழெட்டு மாதம் கழித்துப் பள்ளி முகவரிக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அந்தக் கிராமத்தார் போட்ட புத்தகம். மொழிபெயர்த்த டீச்சருக்கு நன்றியோடு என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். பஸ் நிலையத்தில் நின்றபடியே புரட்டினேன். ஒருவர் தன் ஊர் பேக்கரிச் சுவரைப் பற்றி எழுதியிருந்தார். குளிர்காலத்தில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிச் சூடு பிடிப்பார்களாம். இன்னொருவர் உறைந்த குளத்தில் கால் உடைந்த கதையை எழுதியிருந்தார். எந்த வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்று ஒரு வரைபடம்கூட இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பத்துக் காம்பரா. எங்களுக்கு முன்னால் எங்கள் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று கேட்டால், சொல்ல எங்களுக்கு ஆளில்லை. எங்கள் பெயரையெல்லாம் எழுதியவர்கள் அனுப்பி வைக்கத்தான் எழுதினார்கள்.

அவருடைய கட்டுரை கடைசியில் இருந்தது. எங்கள் தோட்டத்தைப் பற்றி. பங்களாவில் தான் தனியாக இருந்ததாகவும், அண்ணன் இங்கிலாந்தில் விடுதியில் படித்ததாகவும், தனக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான் என்றும் எழுதியிருந்தார். விளையாட்டு சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே அந்த மணி அடிக்குமாம். அக்கா விட்டுவிட்டு ஓடுவாளாம். மணி இல்லாவிட்டால் அக்கா போக மாட்டாள் என்று நினைத்து, ஒரு நாள் அதைத் தூக்கிக் குளியலறைக்குப் பின்னால் தண்ணீர் வெளியே போகிற அகலமான குழாய்க்குள் தள்ளிவிட்டார். அக்கா அன்றைக்கே போய்விட்டாள். பயத்தில் ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவருடைய அம்மா விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் திருட்டு ஆயாவின் கதையைச் சொல்லிச் சிரிப்பாராம். வளர்ந்த பிறகும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விசயம் இது என்று எழுதியிருந்தார். அக்காவிடம் சொல்லத்தான் இலங்கைக்குப் போனதாகவும், அவள் இந்தியாவுக்குப் போய்விட்டதை அறிந்து கூடலூருக்குப் போனதாகவும் எழுதியிருந்தார். இலங்கையிலிருந்து போனவர்கள் இருக்கிற தேயிலைக் குடியிருப்புகளில் பத்து நாள் விசாரித்தாராம். கிடைக்கவில்லையாம்.

எழுபது தாண்டிய ஒரு மனுசி, இல்லாத ஒருத்தியைத் தேடிப் பத்து நாள் கூடலூர் மலையில் ஏறி இறங்கியிருக்கிறார். அனுப்பி வைத்தது என் பிழையில்லாத ஆங்கிலம்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அம்மா வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குழாய்க்குள் தள்ளியதைச் சொன்னபோது அவள் கை நின்றது. கூடலூரைச் சொன்னபோது, "பாவம், குளிரு ஊரு" என்றாள். முடித்தேன். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அப்ப நெசமாவே நீ எடுக்கலையாம்மா?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். நீ இங்கேதான் இருக்கிறாய் என்று அந்தம்மாவுக்கு எழுதட்டுமா என்றேன்.

"எழுது. இனி எங்கயும் போயி அலைய வேணாம்னு எழுது."

"லயத்து ஆளுங்ககிட்டயும் இதக் காட்டணும்மா. எல்லாருக்கும் தெரியணும்."

"யாருக்கு? என்னையப் பேசுனவங்க எல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. இப்ப இருக்கிற புள்ளைங்களுக்கு மணியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது." அடுத்த பூண்டை எடுத்தாள். "அந்தத் தொரை மகளுக்கு அன்னைக்கே தெரியும், நான் எடுக்கலன்னு. தெரியாம இருந்தது நீ ஒருத்திதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஊரெல்லாம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற நான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.