சாக்பீஸ் பிடித்தவன் ஏற்றிய விலை

பெட்ரோல் பங்கில் குழாய் பிடித்த அன்பர்களே, விலையை ஏற்றுவது யாராக இருந்தாலும் திட்டு வாங்குவது நாம்தான். எழுபதுகளில் ஆவடிப் பக்கம், பருத்திப்பட்டு ரோட்டில் இருந்த ஒரு பங்கில் நான் வாங்கியதில் கொஞ்சம் இங்கே.

யார் ஏத்துனது?

கரும்பலகையில் அன்றைய விலையை சாக்பீஸால் எழுதுவது என் வேலை. ஒரு காலையில் முதலாளி சொன்ன புது விலையை எழுதி வைத்தேன். டாக்சி ஓட்டும் கோதண்டம் அண்ணன் வந்தார். முந்தின நாளைவிட விலை கூடுதல். பட்டணத்து பங்கைவிடவும் நாலு பைசா கூடுதல். அந்த நாலு பைசா என் சட்டைப் பைக்குப் போகிறது என்று அவருக்குச் சந்தேகம். முதலாளி சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். அவர் பலகையை உற்றுப் பார்த்தார்.

"எழுத்து உன்துதானே நைனா? அப்ப நீதான் ஏத்திகீறே."

வண்டிக்கூலி

கோதண்டம் அண்ணன் நேராக முதலாளியிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார். "சனிக்கிழமைக்குள்ள அவருக்குப் புரியவை, இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ" என்றார் முதலாளி. முதலாளிக்கே காரணம் தெரியாது என்பது வேறு விஷயம். எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? பயந்துபோனேன்.

டேங்கர் லாரி டிரைவரைக் கேட்டேன். துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எண்ணெய்க் கிடங்கிலிருந்து தூரம் கூடக் கூட, வண்டிக்கூலியும் விலையில் ஏறும் என்றார். அப்பாடா என்றிருந்தது. வேனில் வந்த பூந்தமல்லி தோல் வியாபாரி பாயிடம் அதைச் சொல்லி ஒத்திகை பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நம்ம வியாபாரத்துல சரக்கை நாமே ஏத்திட்டுப் போனா வண்டிக்கூலியைக் கழிச்சுடுவாங்க தம்பி. நானும் என் வண்டியிலதானே எடுத்துட்டுப் போறேன், கழிச்சுக்க."

சனிக்கிழமை

பாய் சொன்னதும் நியாயமாகவே பட்டதால், இருந்த கொஞ்ச தெளிவும் போய்விட்டது. கோதண்டம் அண்ணன் வந்தார். முதலாளி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கூலி, வரி, அரபு நாட்டுச் சண்டை என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். "சண்டை இப்பத்தான் நடக்குது. உன் டேங்க்ல கீறது போன வாரமே வந்த எண்ணெய். அதுக்கு எப்டி தெரிஞ்சுது?" என்றார். "எனக்கும் தெரியலண்ணே, என் வேலை போயிடும்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. பூந்தமல்லி சவாரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதற்கு, அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவர் அன்று காலைதான் அவரைத் திட்டிவிட்டு பஸ் ஏறிப் போயிருந்தாராம். "சவாரிங்களுக்குச் சொல்ல ஒரு பதில் கெடைக்கும்னுதான் உன்னாண்ட வந்தேன்" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "தம்பி நல்லா சொல்லிச்சு மொதலாளி, வெளங்கிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னார். என் பக்கம் குனிந்தபோது குரல் இறங்கியது.

"எனக்கு ஒரு எழவும் வெளங்கல. நீ ஊத்து."

பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்ட ஒருவர் கிடைத்தால் ஒருவன் வேலை தப்பும் என்பது மட்டும் தெரியும்.