தொப்கேயின் அறுபது குச்சிகள்

தொப்கே அண்ணனுக்கு இடது காலில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் எந்த நாளில் போயின என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

சுரங்கப் பாதை வராத காலம். குளிர்காலத்தில் இமயமலையில் உள்ள எங்கள் லாஹுல் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போக ஒரே ஒரு கணவாய்தான் வழி. முன்னால் நடப்பவர் எப்போதும் தொப்கே அண்ணன்தான். நீளக் கழியால் பனியைக் குத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் இருபது காலடிக்கு ஒரு வில்லோ மரக் குச்சியை அடையாளமாக நடுவார். காலடித் தடத்தைக் காற்று நொடியில் மூடிவிடும். குச்சி மட்டும் நிற்கும். குச்சியை விட்டு ஒரு முழம் விலகினால் இடுப்புவரை புதையும். சில இடங்களில் ஆளையே விழுங்கும்.

உச்சிக்குக் கீழே ஒரு கல் குடிசை. அதற்குக் கீழே உள்ள பெரிய சரிவுக்குச் சரியாக அறுபது குச்சி வேண்டும். எங்கள் பக்கம் மரம் அரிது, ஒரே கட்டுதான். அதனால் வரிசையில் கடைசியில் வருபவர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டே ஏற வேண்டும், மறுபக்க இறக்கத்துக்கும் அவையேதான். அந்தச் சரிவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டால் மேலே தொங்கும் பனி சரிந்து இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த வருடம் கடைசியில் வந்தது நான். நாங்கள் ஆறு பேர். தொப்கே அண்ணனின் ஒரே மகள் யாங்டோலுக்கு முந்தைய நாள் காய்ச்சல். அடிவாரத்து மேய்ப்பர் வீட்டில் அவளை விட்டு, "அடுத்த கூட்டத்தோட வா தாயி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

குடிசைக்கு நான் கட்டோடு வந்து சேர்ந்ததும் அண்ணன் சிரித்தார்.

"ஏ பல்சோம், குச்சி பிடுங்கினியா, உருளைக்கிழங்கு தோண்டினியா? இவ்வளவு நேரம்!"

"உங்க வயசுல நான் இதுகூட ஏறமாட்டேண்ணே. அடுப்புக்கு வெச்ச சாணி வறட்டி எல்லாம் நனைஞ்சு கிடக்கு. எரிக்கக் குச்சில நாலஞ்சு எடுத்துக்கவா?"

"எடு. அந்தப் பக்கம் சரிவு சின்னதுதான். வெண்ணெயில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே."

நான் பன்னிரண்டு எடுத்தேன். வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர் நன்றாகக் கொதித்தது. முதல் குவளையை அவர்தான் குடித்தார்.

எங்களில் ஒருவனான ரிக்சின் வெளியே போயிருந்தான், கத்தாமல் ஓடிவந்தான். "அண்ணே, கீழ யாரோ நிக்கிறாங்க. சிவப்புப் போர்வை."

எல்லோரும் வெளியே வந்தோம். சரிவின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி, எங்கள் தடத்தைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது.

"என் பொண்ணு," என்றார் தொப்கே அண்ணன். காய்ச்சல் விட்டதும் புறப்பட்டுவிட்டாள் போல. மூடுபனி இறங்கி அவளை மறைத்தது. உச்சிப் பொழுது தாண்டியிருந்தது. காற்று தொடங்கிவிட்டது. தடம் இனி நிற்காது. குச்சியும் அங்கே இல்லை.

அவர் குச்சிக் கட்டை எடுத்து எண்ணினார். நாற்பத்தெட்டு. என்னை ஒருமுறை பார்த்தார்.

"நானும் வர்றேண்ணே."

"ரெண்டு பேர் எடை தாங்காது. உக்காரு."

நட்டுக்கொண்டே இறங்கினார். என் போர்வையைக் கிழித்துக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச தூரத்துக்கு அடையாளம் வைத்திருப்பார். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தனியாகத் திரும்பினார். புருவம் முழுக்கப் பனிக்கட்டி.

"நாப்பத்தெட்டு வரைக்கும் போனேன். அதுக்குக் கீழ என் கையே எனக்குத் தெரியல. காத்துக்கிட்டு நின்னேன்."

"கூப்பிட்டீங்களா?"

"எப்படிக் கூப்பிடுவேன்? உங்க அஞ்சு பேர் தலைக்கு மேலயும்ல பனி தொங்குது."

அந்த நிற்பில்தான் இரண்டு விரல்களும் போயின.

பனி உருகிய பிறகு யாங்டோலைக் கண்டெடுத்தோம். விழுந்து கிடக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, போர்வையைத் தலைக்குமேல் இழுத்து, உட்கார்ந்திருந்தாள். வழி தெரியாவிட்டால் அசையாதே, சரிவில் சத்தம் போடாதே என்று சின்ன வயதிலிருந்தே அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே கேட்டிருக்கிறாள். குடிசையிலிருந்து நானே அளந்து பார்த்தேன். ஐம்பத்தாறாவது குச்சி நிற்க வேண்டிய இடம்.

தேநீர் சங்கதியை விட்டுவிடு, அது உன் குற்றம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். விடமாட்டேன். நான் எரித்தவை பன்னிரண்டு, அவளிடம் போய்ச் சேரப் போதாமல் போனவை எட்டு. தொப்கே அண்ணன் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த குளிர்காலத்திலும் அவர்தான் எங்களை அழைத்துப் போனார். பாதிக்கால் வைத்து, நொண்டிக்கொண்டே. போன வருடம் அவர் காத்து நின்று திரும்பிய இடம் வந்ததும் கழியை ஊன்றி, கீழ்ப்பக்கம் பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"யாங்டோல்!"

நாங்கள் பனியில் முகம் புதைத்துத் தலையைப் பொத்திக்கொண்டோம். மலை முழுக்க அந்தப் பெயர் சுற்றி வந்தது. இன்னொரு தடவை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

ஒரு கைப்பிடிப் பனிகூட இறங்கவில்லை.

அவர் மேலே பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு கட்டிலிருந்து அடுத்த குச்சியை உருவினார்.