வாய் திறக்காத பாட்டு

சாமிக்குக் காது கூர்மை என்று மஞ்சுநாட்டுக்காரர்கள் நம்பினார்கள். அதனால் அவர்கள் வாயைத் திறந்து பாடுவதில்லை. உதட்டை இறுக்கி மூடி, தொண்டைக்குள்ளேயே ராகம் இழுப்பார்கள். மேளம் கிடையாது, மணி கிடையாது. எந்நேரமும் பனிமூட்டம் உள்ள நாடு என்பதால், வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

மஞ்சுநாடு என்று ஒன்று எங்கும் இல்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த பாறையடியில் நானும் தங்கச்சியும் உண்டாக்கிய நாடு அது. தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கி போட்டால் அடுத்த தோட்டமே எழுந்து உட்காரும். அந்தக் கடுப்பில்தான் எங்கள் சாமியைச் சத்தம் பிடிக்காதவராக்கினேன். சட்டங்களை எல்லாம் நான் போடுவேன், தங்கச்சி கேட்டு நடப்பாள். பாட்டுக்கு மெட்டும் நானே கட்டியதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த வருடம் சித்தி வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். வாரம் தவறாமல் பேசியவளிடமிருந்து திடீரென்று பேச்சு மூச்சில்லை. அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டே கொழுந்து பறித்தாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், அட்டன் டவுனுக்குப் போய், சித்தியை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனிடம் அழுதாள், புத்த விகாரையிலும் விளக்கேற்றினாள். ஒரு தகவலும் இல்லை.

ஒரு சாயங்காலம் அம்மா பாறையடிக்கு வந்து நின்றாள்.

"ஒங்க சாமிகிட்ட சித்திக்காகவும் ஒருக்கா பாடுங்கடி."

குரலில் விளையாட்டு இல்லை. எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. "பெரியவங்களும் சேந்து பாடுனாத்தான் கேக்கும்மா" என்று அங்கேயே புதிதாக ஒரு சட்டம் போட்டேன்.

மறுநாள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த லயத்துப் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பாறையடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சித்தி அவர்களோடு மலையில் நின்று கொழுந்து பறித்தவள். நான் நடுவில் நின்று தொடங்க, அவர்களும் உதட்டை மூடிக்கொண்டு இழுத்தார்கள். வாயைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை, "அப்புடிப் பாடக்கூடாதுங்க" என்று திருத்தக்கூடச் செய்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

அப்போதுதான் வளைவில் பாண் ஆட்டோ திரும்பியது. பாண் ரொட்டியும் பணிஸ் என்கிற இனிப்புப் பன்னும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியோடு தினமும் அந்த நேரத்துக்கு வரும் வண்டி. வருவதைத் தெரிவிக்க ஒரு மெட்டை ஒலித்துக்கொண்டே வரும். அந்த மெட்டைத்தான் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். நான் செய்ததெல்லாம், அதைக் கொஞ்சம் மெதுவாக்கி அழுகைபோல இழுத்ததுதான்.

வண்டி பாறைக்கு நேர் கீழே நின்று, மெட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சொன்னபடி கேட்கும் தங்கச்சி, வாயைத் திறந்து கத்தினாள்: "அக்கா, பாண் வண்டியும் நம்ம சாமி பாட்டத்தான் பாடுது!"

உடம்பெல்லாம் கூசிப்போனது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே ஓடிப்போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இனி லயத்தில் தலைகாட்ட முடியாது என்று அழுதேன். பாறைப் பக்கம் பாட்டு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைக் கேலி செய்துதான் பாடுகிறார்கள் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா ஒரு பணிஸோடு தேடி வந்தாள்.

"ஏன் புள்ள பாதியிலயே ஓடிட்ட? நாங்கதான் பாடி முடிச்சோம்."

குத்திக்காட்டுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பணிஸை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு அம்மா போய்விட்டாள். சில வாரம் கழித்துச் சித்தி யாருடைய போனிலிருந்தோ பேசி, லயமே கூடி நின்றபோதும் நான் வெளியே வரவில்லை.

மெட்டைத் திருடியதை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பணிஸை நினைத்தால் இன்றும் கூசுகிறது. தினமும் சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்த மெட்டு அது. பாறையடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், நான் தொடங்கியதுமே அது பாண் வண்டிப் பாட்டு என்று தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் கண்ணை மூடிப் பாடினாள்.