கொஞ்சம் எழுந்திருங்க

அலுவலகம் முழுக்க அவரைக் கீபோர்டு டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் கீபோர்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் நாற்காலி சரிசெய்கிறவர். சக்கரம், ஸ்பிரிங், கைப்பிடி, திருகாணி, இவ்வளவுதான் அவருடைய உலகம். அந்த உலகத்தில் அவர் ராஜா என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாவம்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு, ஆடுகிற நாற்காலி ஒன்றைப் பார்க்கத்தான் வந்தார். அன்று காலையிலிருந்து தலைமை எழுத்தர் அம்மாவின் கீபோர்டு வேலை செய்யவில்லை. எதைத் தட்டினாலும் திரை கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, கையில் திருப்புளியோடு இவர் வந்ததும், மெக்கானிக்தான் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா" என்றார் இவர்.

நாற்காலியைக் கவிழ்த்து, உடைந்த சக்கரத்தை மாற்றி, நிமிர்த்தி வைத்தார். அந்த அம்மா உட்கார்ந்து தட்டினார். எழுத்து ஓடியது. இத்தனை நேரமும் கீபோர்டு வயரின் மேல் அந்த உடைந்த சக்கரம் ஏறி நின்று இழுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. இவருக்கே தெரியாது.

"கீபோர்டைத் தொடவே இல்லையே! தொடாமலே சரி பண்றாரு, இப்படி ஒரு ஆளை விடலாமா?" என்று அந்த அம்மா மாடி அதிரக் கூவினார். அடுத்த மாதமே நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. உண்மையைச் சொல்லத்தான் இவர் வாயைத் திறந்தார். மாதச் சம்பளம் என்று காதில் விழுந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. வீட்டில், மெக்கானிக் என்று மட்டும் சொல்லிக் கட்டிக்கொண்ட மனைவியிடம், "கம்ப்யூட்டர் வேலை கெடச்சிருக்கு" என்றார். அவள் அன்று மாலைக்குள் தெருவுக்கே சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகு எங்கே கீபோர்டு மக்கர் செய்தாலும், மவுஸ் நகரவில்லை என்றாலும், இவர் போய் நின்று, "கொஞ்சம் எழுந்திருங்க" என்பார். ஒருவருடைய தொப்பை கீபோர்டின் மூலையில் ஒரு விசையை அழுத்திக்கொண்டிருக்கும். இன்னொருவருடைய நாற்காலிக் கைப்பிடி மவுஸின் வயரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருக்கும். நாற்காலியை ஏற்றி, இறக்கி, தட்டிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இந்த அலுவலகத்தில் நிஜமாகவே கூடம்தான் கோணல். ஒருமுறை இவர் காய்ச்சலில் படுத்தபோது, 'டாக்டர் விடுப்பில் உள்ள நாட்களில் ஊழியர்கள் தாங்களாகவே ஒருமுறை எழுந்து உட்காரவும்' என்று அறிவிப்புப் பலகையில் முத்திரையோடு ஒட்டினார்கள்.

வீட்டில்தான் கஷ்டம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய நாற்காலி ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு திருகு, ஒரு சின்னக் கட்டை போதும். கை அரிக்கும். ஆனால் கம்ப்யூட்டர்காரர் திருப்புளியை எடுத்து நாற்காலியைக் கவிழ்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடாதா? ஆடிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கேதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கம்ப்யூட்டர் தெரியாமல் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்புவதுதான் அவர் வந்த வேலை. டாக்டருக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"கீபோர்டு வேலை செய்யலைன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் நிபுணர்.

"உட்கார்ந்திருக்கறவரை எழுந்திருக்கச் சொல்வேன் சார்."

"அப்புறம்?"

"நாற்காலியைப் பார்ப்பேன்."

"கீபோர்டை எப்பப் பார்ப்பீங்க?"

"அதுக்கு அவசியம் வந்ததில்ல சார்." இதைச் சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "சார், எனக்கு நாற்காலி மட்டுந்தான் தெரியும்."

நிபுணருக்குப் பரம சந்தோஷம். அறிக்கை எழுத அங்கேயே உட்கார்ந்தார். தட்டினார். திரை அசையவில்லை. எழுந்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், நின்றபடியே தட்டினார், எழுத்து வந்தது. உட்கார்ந்தார், போய்விட்டது. எழுந்து வயரை வேறு துளையில் செருகினார், வந்தது. உட்கார்ந்தார், போய்விட்டது. புதுக் கீபோர்டு கொண்டுவரச் சொன்னார். அதுவும் அவர் நின்றால் உயிரோடு இருந்தது, உட்கார்ந்தால் செத்தது. படித்த படிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார் மனிதர். வியர்வை சட்டையை நனைத்தது.

தலைமை எழுத்தர் அம்மா டாக்டரின் காதில், "வாயத் தொறக்காதீங்கண்ணே. மூணு மணிக்கு அவருக்கு ரயில். எழுதாமயே போயிடுவாரு" என்றார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. நிபுணரின் நாற்காலியில் இடதுபக்கச் சக்கரம் விரிசல் விட்டிருப்பதும், அவர் உட்காரும்போதெல்லாம் அது சரிந்து வயரின் மேல் ஏறுவதும் டாக்டருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி கிறீச் என்றது. மறுபடி கிறீச் என்றது. ஒவ்வொரு கிறீச்சும் அவர் முதுகெலும்பில் ஏறியது. இரண்டரை மணிக்கு அவரால் முடியவில்லை.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். தன்னை வீட்டுக்கு அனுப்பும் அறிக்கை தடங்கலில்லாமல் ஓட, அவரே மண்டியிட்டுப் புதுச் சக்கரம் பொருத்தி, எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். நிபுணர் உட்கார்ந்து தட்டினார். எழுத்து ஓடியது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், வயரைப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல எழுபது கீபோர்டு மாத்திட்டோம். மாத்தின எதுவும் வேலை செய்யல" என்றார் மெதுவாக.

"நாற்காலி எத்தனை சார்?"

அறிக்கையில் மூன்றே வரிதான் இருந்தது. 'இவருக்குக் கம்ப்யூட்டர் அறிவு அறவே இல்லை. அந்தப் பணியிலிருந்து நீக்கலாம். நாற்காலி மெக்கானிக்காக உடனே அமர்த்தி, முதல் வேலையாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம்.' சம்பளத்தில் மாற்றமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

ஆனால் அந்தக் காகிதத்தை மனைவியிடம் நீட்டியபோது அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவள் நின்றபடியே படித்தாள்.

"இதுக்கா சுவரைப் பார்க்குறீங்க? பதினோரு வருஷமா உங்க சட்டையத் துவைக்கிறது யாருங்க? கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு இவ்வளவு கிரீஸு?"

"அப்ப தெருவெல்லாம் சொன்னியே?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஊருக்கு முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்தது.

அவள் உள்ளே போய், பரணில் அவர் துணி சுற்றி ஒளித்து வைத்திருந்த பழைய திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள். "இந்த ஆட்டத்தை இனியாவது நிறுத்துங்க. நானும் எத்தனை வருஷந்தான் தெரியாத மாதிரியே பரிமாறுறது?"