நூர்ஜஹான் சொல்லிக் கொடுத்த வரிசை

அவள் போனிலிருந்துதான் அந்தச் செய்தி வந்தது. அன்று காலையிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. பட்டனை அமுக்கினால் கீக் கீக் என்று விட்டு விட்டுக் கத்துகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. சேந்தமங்கலத்துக்கு எத்தனை தரம் கூப்பிட்டும், அதை ரிப்பேர் பார்க்கிற நூர்ஜஹான் எடுக்கவில்லை. மத்தியானம் அவள் நம்பரே திரும்பக் கூப்பிட்டது. எடுத்ததும், "கண்ணு, பொட்டி மறுபடியும் கத்துது" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தது அவள் தம்பி. நான் குறையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அக்கா விடியக்காலம் மௌத்தாயிட்டாங்கம்மா. நெஞ்சுவலி" என்றார்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற உங்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்திருக்கும். மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, யாருடைய கம்ப்யூட்டரையாவது பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் பொட்டியை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து மலையிலிருந்து இறக்குவோம். "கொழந்தையக்கூட இப்பிடித் தூக்கிட்டு வர மாட்டீங்க" என்பாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். என் மகள் வயிற்றுப் பேத்தி மீனா, மலை மேலே அரியூர் நாட்டில் எங்கள் வீட்டில் இருந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்கு டைப் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தவள். அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் மில் ஹாஸ்டலில் கிடக்க, அவள் மட்டும் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு சம்பாதித்தாள். இந்தப் பெருமையை நான் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பொட்டி நின்றால் மீனாவும் மில்லுக்குப் போக வேண்டியதுதான். அது நூர்ஜஹானுக்கும் தெரியும்.

பொட்டி வீட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறிச் சூடேறி அணைந்தது. பஸ் வளைவுகளில் எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே அவள் மேலே வந்து சேர்ந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு மூடியைத் திறந்தவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கிற ஃபேன் சோற்றுப்பானையின் அடி மாதிரி கரி பிடித்திருந்தது. மழை மாதம் வந்தால் விதைக் கேழ்வரகை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது எங்கள் வழக்கம், புகை பட்டால் நமுக்காது. பொட்டியும் நமுத்துவிடக் கூடாதே என்று, மீனா வேலை முடித்ததும் தினமும் அதையும் பரணில்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்கம்மா, கம்ப்யூட்டரைக் கருவாடு போட்டு வெச்சிருக்கீங்களா?"

"வெதையெல்லாம் அங்கதான சாமி கெடக்குது."

"வெதைக்கு மூச்சு வேண்டாங்க. இதுக்கு வேணும்."

பெயின்ட் பிரஷ்ஷால் கரியைத் தட்டித் தட்டி எடுத்தாள். போகும்போது, "அடுப்புப் பக்கம் இதைப் பார்த்தேன், திரும்பி மலை ஏற மாட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாள். ஆனாலும் ஏறி வந்தாள், பலமுறை.

அந்த வாந்திப் பயணத்தைக் குறைக்கத்தான் போனிலேயே எனக்கு வரிசை சொல்லிக் கொடுத்தாள். மீனா பொட்டியைத் திறக்கவே பயப்படுவாள். முதலில் பிளக்கும் வயரும் இறுகி இருக்கிறதா என்று பார்க்கணும். அப்புறம் கரண்டை முழுசாகப் பிடுங்கிவிட்டு, பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கியே பிடிக்கணும், உள்ளே மிச்சமிருக்கிற கரண்டு போய்விடும். அப்புறம் மூடியைத் திறந்து மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்லை எழுத்து அழிக்கிற ரப்பரால் தேய்த்து, டக்கென்று சத்தம் வரும்வரை திரும்ப அமுக்கணும். மலைப் பனிக்கு அந்தப் பல்லில்தான் களிம்பு ஏறுமாம். போனைப் பொட்டிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அது போடும் சத்தத்தைக் கேட்பாள். சரியாகிவிட்டால், "அம்மாவுக்குக் கடை வெச்சுக் குடுத்தர்றேன்" என்று சிரிப்பாள். ஒவ்வொரு தரமும் முடிக்கிறது மட்டும் ஒரே மாதிரி: "அதுக்கும் கேக்கலைன்னா கையை எடுத்துருங்க. நான் வாரேன்."

துக்கத்துக்குப் போயிருந்தோம். பெண்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். முன்னறையில் அவள் மேசை மேல் பொட்டிகள் மூடி திறந்தபடி கிடந்தன. அவரவர் பொட்டியை அவரவர் எடுத்துப்போகும்படி தம்பி கேட்டுக்கொண்டார். எல்லோரும் கெட்டுப்போனதைக் கெட்டுப்போன மாதிரியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் கிடந்த எங்களுடையதை நாமக்கல்லில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். இது பழசு, இதற்குச் சாமான் வருவதில்லை, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். புதுசுக்கு எங்களுக்கு வழியில்லை. கம்பெனி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மீனாவின் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் பஸ் ஏறுகிறாள்.

நேற்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் மறுபடியும் பொட்டி முன்னால் உட்கார்ந்தேன். பிளக் சரியாக இருந்தது. வயரும் சரி. பட்டனை அமுக்கிப் பிடித்தேன். பல்லைத் தேய்த்து, டக்கென்று கேட்கும்வரை அமுக்கினேன். பிளக்கை மாட்டிப் பட்டனைத் தட்டினேன், பொட்டி கத்தியது. "உடு அம்மாயி" என்றாள் மீனா, என்னைப் பார்க்காமலே.

நூர்ஜஹானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரிசைதான். ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாம் செய்து முடித்தாயிற்று, கண்ணு. கையையும் எடுத்துவிட்டேன்.