இருமலே இல்லாத தெரு

ஊரில் எந்தத் தெருவில் என்ன நோய் அதிகம் என்று அரசாங்கப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அலசிச் சொல்வது என் தொழில். இதே எக்செல் கட்டங்களோடு மாரடிக்கும் சக பாவிகளே, நம் முதல் எதிரி கிருமி அல்ல, 'விலாசம்' என்ற கட்டம்!

நாய்க்கடித் தெரு

விருத்தாசலத்திலேயே நாய்க்கடி அதிகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான் என்றது கம்ப்யூட்டர். பதிவேடு எழுதும் நர்ஸ் ஸ்டெல்லா அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கையில் குடையோடு பயந்து பயந்து போனேன். இருந்தது ஒரே ஒரு கிழட்டு நாய். டீக்கடை வாசலில் படுத்திருந்தது, எங்களைப் பார்க்கக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் டீக்கடைக்காரர் கொதித்துவிட்டார்: "வேப்பூர்ல கடி வாங்குனவனும் பெண்ணாடத்துல கடி வாங்குனவனும் இங்கதான் பஸ்ஸ வுட்டு எறங்கி ஊசிக்குப் போறான். விலாசம் கேட்டா பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிப்புடறான். அதுக்கு எங்க மணி மேல கேஸு போடுவீங்களா மேடம்?"

இருமாதவர்கள்

செராமிக் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவிலிருந்து, இருமல் என்று ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்கு வந்ததாகப் பதிவில்லை. நான் போட்ட நோய் வரைபடத்தில் அதற்கு மட்டும் பச்சை. 'முன்மாதிரித் தெரு' என்று அறிக்கையே எழுதிவிட்டேன். "ஒரு நடை போய்ப் பாத்துட்டு அனுப்பும்மா" என்றார் ஸ்டெல்லா அக்கா. சாயங்காலம் போனோம். தெருமுனை திரும்புவதற்குள்ளேயே இருமல் சத்தம் வந்து வரவேற்றது.

முதல் வீட்டில், வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அஞ்சலைக்குப் புருவமெல்லாம் களிமண் தூசி. வாயைத் திறந்தாலே இருமல். "ஆஸ்பத்திரிக்கு ஏங்க வரல?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க பன்னெண்டு மணிக்கு ஓ.பி.ய மூடிடறீங்க, எங்கள அஞ்சரைக்குத்தான் வுடறாங்க. இருமலையும் உங்க நேரத்துக்கா இருமச் சொல்றீங்க?"

சாயங்கால முகாம்

அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெட்கத்தோடு வேறொன்று எழுதினேன். வாரம் ஒருநாள் அந்தத் தெருவிலேயே சாயங்கால முகாம் தொடங்கியது. முதல் நாளே நீள வரிசை. சளிப் பரிசோதனையில் அஞ்சலைக்குக் காசநோய் என்று வந்தது. நல்லவேளை, மாதக்கணக்கில் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தேறிவிட்டார்.

வரைபடத்தில்தான் அந்தத் தெரு பச்சையிலிருந்து சிவப்புக்குப் போய்விட்டது. எங்கள் அதிகாரி அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வேலைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் ஊர்ல நோய் அதிகமாயிருக்குது, கவனிச்சீங்களா?"

ஒழுங்காக வேலை செய்யச் செய்ய ஊரே நோயாளியாகிக்கொண்டு போகிற தொழில் எங்களுடையது ஒன்றுதான்.